ஆள் கணக்கு

2016 ஏப்ரல் 10, ஞாயிறு

சாயங்காலம் ஊராட்சித் தலைவரம்மாவின் வீட்டுக்காரர் காலனிக்குள் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. "செவ்வாக்கெழம டவுன்ல கூட்டம். காலனிக்கு ரெண்டு வண்டி அனுப்புறோம். நூறு நாள் ஆளுங்க அத்தன பேரும் ஏறிடணும். வேலைக்கு வந்த மாதிரியே அட்டெண்டன்ஸ் போட்டுடும்மா" என்றார்.

"வராதவங்களுக்கு என்னாங்க பண்றது?"

"கார்டை வாங்கி வையி. அப்புறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான், போய்விட்டார். நான் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். வரத்து வாய்க்காலில் வேலை நடக்கிறது. காலையில் பேர் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்குவது என் வேலை. இந்த ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து கூலி 183 ரூபாயிலிருந்து 203 ஆகியிருக்கிறது. கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. வயலில் வேலை இல்லை. ஆண்கள் பாதிப்பேர் பெங்களூரிலும் கேரளாவிலும் கட்டட வேலையில் இருக்கிறார்கள். இந்த மாதத்தில் எங்கள் தெருவில் அடுப்பு எரிவது வாய்க்கால் கூலியில்தான். இது அவருக்கும் தெரியும். இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் ஆள் தேடி வேறெங்கும் அலைவதில்லை, நேராக வாய்க்காலுக்கு வந்துவிடுகிறார்கள்.

மகளிர் குழுவிலும் இதே பேச்சு. கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு நூறு ரூபாய் அபராதமாம். அடுத்த கடனுக்கு யார் பேர் எழுதுவது என்பதும் வருகையைப் பார்த்துத்தானாம்.

ஏப்ரல் 11, திங்கள்

டிவியில் விருத்தாசலம் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலமைச்சர் ஜெயலலிதாவின் பிரசாரக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மயங்கி விழுந்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டினார்கள். காலையிலிருந்தே வந்து உட்கார்ந்திருந்த கூட்டம்.

நாங்கள் போகவேண்டியது வேறு கட்சிக்கு, வேறு ஊருக்கு. வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான். தலைவரம்மா வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அய்யா, விருத்தாசலத்துல இப்படி ஆயிருக்குங்க. வயசானவங்க, மாசமா இருக்கிறவங்க மட்டுமாவது வேணாங்க" என்றேன். "நம்மது பந்தல் போட்ட கூட்டம்மா" என்றார்.

ஏப்ரல் 12, செவ்வாய்

இரவு பதினோரு மணி. கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை எட்டரைக்கு இரண்டு டாடா ஏஸ் வந்தன. ஒன்றில் பத்துப் பேர் உட்காரலாம். முப்பதுக்கு மேல் ஏற்றினார்கள். நான் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். "நீ வந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்று ஆயா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். முதியோர் பென்ஷன் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் வந்தாள். ஏறும்போதே ஒருவன் எங்களை எண்ணினான். எண்ணிவிட்டுச் செல்போனில் போட்டோ எடுத்தான்.

பந்தல் இருந்தது, மேடைக்கு. மேடைக்கு முன்னால் கொஞ்ச தூரத்துக்குச் சாமியானா. மற்ற இடமெல்லாம் சவுக்குக் கட்டை கட்டி அடைப்பு அடைப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு வாசல், வாசலில் இரண்டு பையன்கள். உள்ளே போன பிறகு மறுபடியும் எண்ணினார்கள். அப்போது மணி பத்தரை. தலைவர் வந்து பேசி முடித்தபோது மூன்றரை.

தண்ணீர் பாக்கெட் கொடுத்தார்கள். நிறையவே கொடுத்தார்கள். ஆனால் பெண்கள் யாரும் குடிக்கவில்லை. ஒதுங்க இடமில்லை. வாசலில் நின்ற பையனிடம் கேட்டால் "கூட்டம் முடியட்டும்கா" என்கிறான். அவனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். நாக்கு வறண்டு, பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விருத்தாசலத்தில் வெயிலால் செத்தார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வெயிலை மட்டும் சொன்னால் போதுமா? எழுந்து போக முடியாத இடத்தில் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள், குடிக்கப் பயப்படும்படி ஏன் விட்டார்கள் என்றும் எழுத வேண்டாமா?

ஒரு மணிவாக்கில் ஆயா என் தோளில் சாய்ந்தாள். கை சில்லிட்டிருந்தது. நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசலில் தடுத்தார்கள். "செத்துப்போச்சின்னா உன் பேரச் சொல்லுவேன்" என்று அந்தப் பையனிடம் கத்தினேன். விட்டுவிட்டான். ரோட்டோரப் புளியமரத்தடியில் படுக்க வைத்து, பெட்டிக்கடையில் சோடா வாங்கி உப்புப் போட்டுக் கொடுத்தோம். கண்ணைத் திறந்ததும் ஆயா கேட்டது, "வெளிய வந்துட்டமே, பணம் தருவானா?"

இருநூறு பேசியிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் கொடுத்தார்கள், நூற்றைம்பது. மீதி ஐம்பதை ஆள் பிடித்தவன் எடுத்துக்கொண்டான். சாப்பாட்டுப் பொட்டலம் ஊசிப்போயிருந்தது.

மேடையில் என்ன பேசினார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. எங்களைக் கேட்க வைப்பதற்காக யாரும் கூட்டிப்போகவில்லை.

ஏப்ரல் 13, புதன்

பதிவேட்டில் நேற்றைய தேதிக்கு ‘பணி நடைபெறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார். அதைவிடக் கஷ்டம், எங்கள் பெண்களே என்னைச் சூழ்ந்துகொண்டது. "போனதும் போனோம், 203 ரூவாய ஏன் கெடுக்கிற? உன் வூட்டுக் காசா?"

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க வெயிலில் வேகவைத்தவர்களிடம் கூலி வாங்க உரிமை உண்டு. ஆனால் அதை அந்தக் கட்சி தரவேண்டும். அரசாங்கப் பணத்தில், எங்கள் நூறு நாள் கணக்கில் ஒரு நாளைக் கழித்துக் கொடுத்தால், அவர்கள் கூட்டத்துக்கு நாங்களே செலவு செய்தமாதிரி ஆகிவிடும். இதைச் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை ஒன்று. அண்ணல் அம்பேத்கரின் 125-ஆவது பிறந்த நாளும் இன்றுதான். படத்துக்கு மாலை போட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம்.

பெரியப்பா பேச ஆரம்பித்தால் 1999-க்குப் போய்விடுவார். சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் திருமாவளவன் முதல் முறை நின்ற தேர்தல், சைக்கிள் சின்னம். ஓட்டுப் போட்டதற்காகச் சேரிகளில் வீடுகள் எரிந்தன, ஆண்கள் ராத்திரியில் வயக்காட்டில் படுத்தார்கள். "அன்னிக்கு எவன் எதுக்குக் குத்தினான்னு யாருக்கும் தெரியாது. சேரிக்காரன்னா இதுக்குத்தான் போட்டிருப்பான்னு கொளுத்தினான்" என்றார். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1997 ஜூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி வெட்டினார்கள். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து வருஷம் தேர்தலையே நடத்த விடவில்லை. 2006-இல்தான் நடந்தது.

சின்னப் பையன்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயமுறுத்துகிற கதைதான், ஆனாலும் அவர்கள் கேட்க வேண்டியது.

ஏப்ரல் 21, வியாழன்

நேற்று சேலத்துப் பக்கம் மகுடஞ்சாவடியில் ஜெயலலிதாவின் கூட்டம். மறுபடியும் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். பத்து நாள்கூட இடைவெளி இல்லை.

மே 3, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை, அவரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். காலனிக்கு வருகிற பைப்புக்குத் தனி வால்வு இருக்கிறது. "ஓட்டு மாறிப்போச்சுன்னா மோட்டார் ரிப்பேர்னு சொல்லச் சொல்லுவாங்க. என் வேலையும் போவும் தங்கச்சி, பாத்துக்குங்க." ஊர்த்தெருவின் கரும்புக் காடு வழியாகத்தான் எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை. அதையும் யாரோ டீக்கடையில் பேசியிருக்கிறார்கள்.

தம்பி சென்னையில் சட்டம் படிக்கிறான். ராத்திரி போனில் கேட்டேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது இந்த ஜனவரி 26-இலிருந்துதான் நடைமுறைக்கு வந்திருக்கிறதாம். அதில் 3(1)(எல்) என்று ஒரு பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடி ஆட்களை ஓட்டுப் போடாதே என்றோ இன்னாருக்குப் போடு என்றோ மிரட்டினால் அது வன்கொடுமைக் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171சி-யும் இருக்கிறது. சாதி எதுவானாலும் வாக்காளரை மிரட்டினால் குற்றம். சாமி குத்தம் வரும் என்று பயமுறுத்துவதுகூட அதில் அடங்குமாம்.

நோட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். "சாட்சி யாருக்கா சொல்லுவாங்க?" என்று தம்பி கேட்டான். ஆபரேட்டர் முகம் ஞாபகம் வந்தது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

மே 7, சனி

வாய்க்கால் கரையில் கஞ்சி நேரத்தில் பேசினோம். எல்லாருக்கும் ஒரே கேள்வி, யாருக்குப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரியுமா? மிஷினில் கேமரா இருக்கிறது என்று ஒருத்தி. ‘பீப்’ சத்தத்தில் வித்தியாசம் இருக்கும் என்று இன்னொருத்தி. இதை யாரோ வேண்டுமென்றே பரப்புகிறார்கள்.

தெரியவே தெரியாது என்று சொன்னேன். உன் வரிசை எண்ணை ஒரு நோட்டில் எழுதுகிறார்கள், மை வைக்கிறார்கள், மிஷினைத் திறந்துவிடுகிறார்கள். நீ அமுக்கியது எண்ணிக்கையில் சேருகிறதே தவிர உன் பேரோடு சேராது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் சத்தம் ஒன்றுதான். ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள், ஒவ்வொருத்திக்கும் சொன்னேன். சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. இருந்தாலும் சிரித்துப் பேசிக்கொண்டு எழுந்தார்கள்.

மே 12, வியாழன்

ராத்திரி கரண்ட் போன நேரத்தில் வந்தார்கள். வீட்டுக்கு வீடு. ஒருவன் கையில் வாக்காளர் பட்டியல், ஒருவன் பணம், ஒருவன் தட்டில் கற்பூரம். ஓட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெண் பண்ணினாள். பண்ணிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

நான் வாங்கவில்லை. வாங்கியவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வாங்காத வீட்டைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். வாங்க மறுப்பதும் இங்கே ஓட்டைக் காட்டிக்கொடுப்பதுதான்.

ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தாள். தட்டை நீட்டினார்கள். "பணத்தை வையி. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ தட்ட எடுத்துட்டுப் போ" என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மே 15, ஞாயிறு

திருப்பூர்ப் பக்கம் மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி பிடிபட்டதைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு. வங்கிப் பணம் என்கிறார்கள். பணப்பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியில் தேர்தலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், தஞ்சாவூரிலும். பணத்துக்காகத் தேர்தலை நிறுத்த முடிகிறது. பயத்துக்காக எங்கேயாவது நிறுத்தியிருக்கிறார்களா?

மே 16, திங்கள்

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தின் தெற்கு அறை. அந்த பூத்தில் முக்கால்வாசி எங்கள் தெரு ஆட்கள்தான்.

நூறு மீட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசைக்குப் போகும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஞாபகம் இருக்கட்டும்" என்றார்கள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அதைக் கேட்டு எந்த அதிகாரி என்ன புகார் எழுத முடியும்? எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதன் பொருள் விளங்கியது.

உள்ளே முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பேரையும் உரக்கப் படிக்கிறார், ஏஜென்ட்டுகள் பட்டியலில் அடிக்கிறார்கள். அது முறைதான். ஆயாவின் பேரைப் படித்ததும் ஒரு ஏஜென்ட் எழுந்து, "அதுக்குக் கண்ணு தெரியாது சார், நான் கூடப் போறேன்" என்றான். கண் தெரியாதவருக்கும் தள்ளாதவருக்கும் துணை போக விதியில் இடம் இருக்கிறது. துணை போகிறவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்குத்தான் போகலாம். தம்பி இதைச் சொல்லியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. எனக்கு முன்னால் ஆயா பேசிவிட்டாள். "யாருக்குடா கண்ணு தெரியல? உன் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல, போய்த் தெச்சிப் போடு."

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், தலைமை அலுவலரும்கூட. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு அந்த ஏஜென்ட்டை உட்காரச் சொன்னார். ஆயா தனியாகப் போனாள். தட்டிக்குப் பின்னால் நெடுநேரம் நின்றாள். ‘பீப்’ கேட்டது. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் நடை நிதானமாக இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மே 19, வியாழன்

எண்ணிக்கை. மாநிலத்தில் அ.தி.மு.க. 134 இடம், மறுபடியும் அவர்கள் ஆட்சி. எங்கள் தொகுதியில் யார் வந்தார் என்பது மூன்று மணிக்குத் தெரிந்தது. எங்கள் பூத்தில் யாருக்கு எவ்வளவு என்பது அதற்கு முன்பே, மதியத்துக்குள் ஊருக்கு வந்துவிட்டது.

எப்படி என்று ஏஜென்ட்டாகப் போய்வந்த ஒருவர் சொன்னார். ஒரு சுற்றுக்குப் பதினான்கு மேசை, மேசைக்கு ஒரு மிஷின். மிஷினில் பூத் எண் ஒட்டியிருக்கிறது. பட்டனை அமுக்கினால் அந்த பூத்தில் ஒவ்வொருவருக்கும் விழுந்தது வரிசையாக வருகிறது, ஏஜென்ட்டுகள் எழுதிக்கொள்கிறார்கள். இதில் தப்புத்தண்டா எதுவும் இல்லை, விதிப்படிதான் நடக்கிறது. பிறகு தேர்தல் ஆணையமே பூத்வாரியாகப் படிவம் 20 என்று வெளியிடுகிறது.

வாய்க்கால் கரையில் நான் சொன்னது அத்தனையும் உண்மை, உன் ஓட்டு யாருக்கும் தெரியாது. ஆனால் உன் தெருவின் ஓட்டு தெரியும். ஒரு பூத்தில் ஆயிரம் சொச்சம் பேர், அதில் பெரும்பங்கு ஒரே சாதி, ஒரே பைப்பு, ஒரே சுடுகாட்டுப் பாதை. அப்புறம் தனித்தனியாக யார் என்று அவர்கள் ஏன் தேட வேண்டும்? பெரியப்பா சொன்ன 1999-உம் இதுதான். ஏப்ரலில் வண்டியில் ஏற்றும்போது எண்ணினார்களே, அதே எண்ணிக்கைதான் இன்று மேசையில் நடந்து முடிந்திருக்கிறது.

தம்பியிடம் ஆத்திரமாகக் கேட்டேன், இதற்கு வழியே இல்லையா என்று. இருந்ததாம். வாக்குச்சீட்டுக் காலத்தில் 59ஏ என்ற விதி. மிரட்டல் இருக்கும் என்று தேர்தல் ஆணையம் நினைத்தால் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ணச் சொல்லலாம். மிஷின் வந்ததும் கலக்குவதற்கு வழியில்லாமல் போயிற்று. பதினான்கு மிஷின்வரை ஒன்றாக இணைத்து, மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ என்ற கருவியைக் கொண்டுவரலாம் என்று 2008-லேயே ஆணையம் கேட்டிருக்கிறது. போன வருஷம் மார்ச்சில் சட்ட ஆணையமும் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்திருக்கிறது. இன்னும் வரவில்லை. வேண்டாம் என்பவர்கள், பூத்வாரிக் கணக்கு இருந்தால்தான் எங்கே வேலை செய்யவில்லை என்று கட்சிக்குத் தெரியும் என்கிறார்களாம். அது அவர்களுக்குத் தெரியும்படி இருப்பதால் எங்களுக்கு என்ன நடக்கிறது என்று எங்களை யார் கேட்டார்கள்?

மே 22, ஞாயிறு

மூன்றாவது நாளாகத் தண்ணீர் இல்லை. மோட்டார் ரிப்பேர். ஊர்த்தெருவில் வருகிறது. ஆபரேட்டர் எங்கள் பக்கம் வருவதில்லை.

நாளையிலிருந்து நான் பணித்தளத்துக்கு வரவேண்டாம் என்று கிளார்க் சொல்லிவிட்டார். சுழற்சி முறையில் ஆள் மாற்றுகிறார்களாம்.

மே 30, திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். டவுன் பஸ் ஏறி, மாறி, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மனுவை நான் எழுதினேன், பிரிவுகளைத் தம்பி சரி பார்த்தான். ஏப்ரல் 12 கூட்டத்துக்கு ஆள் ஏற்றியது, அன்றைய பதிவேட்டில் நான் எழுதிய வரி, வால்வு மூடிய தேதி, எல்லாம் இருக்கிறது. தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கலாம் என்று போனேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. வாய்க்காலில் என்னோடு சண்டை போட்டவர்களில் பலர் போட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் இரண்டு நாள் யோசித்து, நேற்று ராத்திரி வந்து போட்டாள்.

ஆயா முதல் கைநாட்டு. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வந்தாள். மனுவை வாங்கிப் பதிவு எண் போட்டுக் கொடுத்தார்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயா கேட்டாள், அடுத்த ஓட்டு எப்போது என்று. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வரும் என்றேன். "அதுக்கு நம்ம தெருவுல ஒருத்தி நிக்கணும், நீயே நில்லு" என்றாள். ஊர் வரும்வரை யார் யார் நமக்குப் போடுவார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.